வசவு தடைசெய்யப்பட்ட காலாண்டு

தரையண்ணனுக்கு உயரம் என்றால் பயம். வெறும் பயம் என்று சொல்லி நிறுத்தினால் அந்தப் பயமே கோபித்துக்கொள்ளும். வீட்டில் ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாற்றுவதானால் மனைவி ஒரு காலையும் மகள் இன்னொரு காலையும் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதும் பாதி மாற்றிவிட்டு இறங்கி வந்து, தண்ணீர் குடித்து, மீதி மாற்றுவார். வானத்தில் விமானம் போனால் இவர் பக்கத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொள்வார். கனமான கம்பளத்தில் நிற்கச் சொன்னால்கூட ஓரத்தை ஒருமுறை எட்டிப் பார்ப்பார்.

இப்படிப்பட்ட மனுஷர் சம்பளம் வாங்கியது எங்கே? மேகத்தின் முதுகைச் சொறியும் அளவுக்கு உயர்ந்த கட்டடங்களின் வெளிப்பக்கக் கண்ணாடியைக் கழுவித் துடைக்கும் கம்பெனியில்.

ஒரு காலத்தில் இவரும் ஏறியவர்தான். இரும்புக் கயிற்றில் தொங்கும் நீளத் தகரப் பெட்டியை அங்கே தொட்டில் என்பார்கள். அதில் நின்றுகொண்டு பாட்டுப் பாடியபடி கண்ணாடி துடைத்தவர்தான். ஒருநாள் அடித்த காற்றில் தொட்டில் ஊஞ்சலாகி, இவரைக் கட்டடத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாகக் கொண்டுபோய்க் காட்டியது. அன்று பறவைகள்கூட நடந்துதான் போயினவாம். கீழே இறக்கியபோது இவர் பிடித்திருந்த கம்பியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஏறவில்லை. கையெழுத்து நன்றாக இருந்ததால் கம்பெனி தரைமட்ட மேற்பார்வையாளர் ஆக்கியது. பையன்கள் தரையண்ணன் ஆக்கினார்கள்.

அவருக்குக் கீழே, அதாவது அவருக்கு வெகு மேலே, வேலை செய்தவர்களில் இரண்டு பேரை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஒருவன் மைக்செட். தரையண்ணனின் தங்கை புருஷன். மூச்சு விடும் நேரத்தில்கூட இரண்டு வார்த்தை பேசிவிடுவான். இன்னொருவன் அவனோடு எப்போதும் ஒரே தொட்டிலில் போகும் சுண்டைக்காய். பெயரே ஆளைச் சொல்லும். கம்பெனி கொடுத்த சட்டைக்குள் அவனைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அங்கே ஒரு பழக்கம் இருந்தது. மேலே போகுமுன் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நிற்பார்கள். தன் பெல்ட்டைத் தானே பார்த்துக்கொள்ளக் கூடாது; எதிரில் இருப்பவன்தான் பார்க்க வேண்டும். வாரை இழுத்து, கொக்கியை ஆட்டி, கயிற்றைச் சுண்டிப் பார்ப்பான். கை பார்த்துக்கொண்டிருக்கும்போது வாய் சும்மா இருக்காது. திட்டும்.

"உனக்கெல்லாம் எதுக்குடா பெல்ட்டு?" என்பான் மைக்செட். "விழுந்தா காத்து உன்னத் தூக்கிட்டுப் போயி அடுத்த தெருவுல பத்திரமா எறக்கி விட்டுடும்."

"நீ விழுந்தா தெருவுக்குத்தாண்டா பெல்ட்டு போடணும்" என்பான் சுண்டைக்காய், பட்டென்று.

"வாய் நல்லா இருக்கு. ஏறு."

பதில் பட்டென்று வரவேண்டும். ஒருவன் திட்டு வாங்கிக்கொண்டு திருதிருவென்று விழித்தாலோ, சோற்றுக்குள் கல் தேடுவதுபோலச் சொல் தேடினாலோ, அன்று அவனை ஏற்ற மாட்டார்கள். "போடா, போய் குழாயச் சுருட்டு" என்று கீழே அனுப்பிவிடுவார்கள். ராத்திரி முழுக்கக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கண் விழித்தவன், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவன், ரகசியமாக ஒரு மடக்கு போட்டவன், எல்லாரும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். இதை யாரும் விதி என்று சொன்னதில்லை. விதி என்று அவர்களுக்கே தெரியாது. திட்டுவது ஆனந்தமாக இருந்தது, திட்டினார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து பயிற்சி மேடம் வந்தார்.

நல்ல பெண்மணி. குரலில் தேனைத் தடவிக்கொண்டு பேசுவார். தண்ணீர்ப் பீப்பாய்களும் குழாய்ச் சுருள்களும் அடைத்துக் கிடந்த கிடங்கறையில் நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்லி, சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டினார். இடது பக்கம் 'நிறுவன மேம்பாட்டு விழுமியங்கள்': நம்பிக்கை, வெளிப்படைத்தன்மை, பரஸ்பர மரியாதை, பங்கேற்பு, கூட்டுறவு. வலது பக்கம் 'உலகப் பொது மனித விழுமியங்கள்': உண்மை, அன்பு, அமைதி, நன்னடத்தை, அகிம்சை.

"இடது பக்கம் நாம் வேலையில கடைப்பிடிக்கிறது. வலது பக்கம் மனுஷங்களா பிறந்த எல்லாரும் கடைப்பிடிக்கிறது. ரெண்டும் வேற வேற இல்ல. எது எதோட சேரும்னு நீங்களே கோடு போட்டுக் காட்டுங்க பாக்கலாம்" என்றார்.

சுண்டைக்காய் கையைத் தூக்கினான். கை மட்டும்தான் தெரிந்தது.

"மேடம், மரியாதையும் அன்பும் ஒண்ணா?"

"நிச்சயமா. ஏன் கேக்கறீங்க?"

"எங்க வீட்டு ஓனருக்கு நான் ரொம்ப மரியாதை குடுப்பேன் மேடம். அவரு எதிர்ல வந்தா அடுத்த சந்துல பூந்துடுவேன்."

கிடங்கே அதிர்ந்தது. மேடமும் சிரித்துவிட்டார். ஆனால் சிரித்து முடித்ததும் பேனாவை எடுத்து மரியாதைக்கும் அன்புக்கும் நடுவே ஒரு கோடு போட்டார். மரியாதையிலிருந்து அகிம்சைக்கும் இன்னொன்று. பிறகுதான், காலையில் தாம் பார்த்த அந்தத் திட்டுப் படலத்தைப் பற்றிக் கேட்டார். ஒருவர் உடலமைப்பைக் கேலி செய்வது சொல்லால் செய்யும் வன்முறை இல்லையா என்றார். அப்படிக் கேட்டபோது அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. பள்ளியில் அவரை யார் என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ, பாவம்.

கூட்டம் முடிந்ததும் அவர் தரையண்ணனைத் தனியாக அழைத்தார்.

"இந்தக் காலாண்டு முடியறப்ப எல்லாக் கிளைக்கும் மதிப்பீடு வருது சார். விழுமிய முத்திரை கிடைக்காத கிளைகளை ஒண்ணோட ஒண்ணு இணைச்சிடுவாங்க. இணைச்சா தரை மேற்பார்வையாளர் பதவி இருக்காது."

"அப்ப நான்?"

"பழைய வேலைக்கே போகலாம். வேலைக்கு ஆபத்து இல்ல" என்று ஆறுதல் சொன்னார் மேடம்.

பழைய வேலை. தரையண்ணனுக்கு அப்போதே கால் தரையிலிருந்து ஒரு விரற்கடை மேலே மிதப்பதுபோல இருந்தது. பக்கத்திலிருந்த பீப்பாயைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாளே உத்தரவு போட்டார். இனி யாரும் யாரையும் திட்டக் கூடாது. கொக்கியைப் பார்த்ததும், "உங்கள் கொக்கி நன்றாக இருக்கிறது சகோதரா" என்று சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர், "நலமாக இருக்கிறேன், நன்றி சகோதரா" என்று சொல்ல வேண்டும். நம்பிக்கை என்ற விழுமியத்தின்படி மேலே போன பிறகு பக்கத்தில் இருப்பவரின் பெல்ட்டை இழுத்துப் பார்ப்பது கூடாது, அது சந்தேகப்படுவது. வெளிப்படைத்தன்மைக்காக ஆளுக்கு ஒரு பச்சை அட்டை, ஒரு சிவப்பு அட்டை. உடம்பு சரியில்லாதவர் சிவப்பைத் தூக்கலாம். தூக்கினால் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து அவருடைய உணர்வுகளைப் பகிர்ந்துகொள்வார்கள். முதல் நாள் ஒருத்தன் தெரியாத்தனமாகத் தூக்கிவிட்டான். அவனுக்கு வயிறு சரியில்லை. அந்த வயிற்றைப் பற்றி அத்தனை பேரும் மாறி மாறிப் பரிவோடு பேசிய பேச்சில், அதற்குப் பிறகு செத்தாலும் சிவப்பைத் தூக்குவதில்லை என்று கிளையே முடிவு செய்துவிட்டது.

"என்ன மச்சான் இது?" என்று மைக்செட் வீட்டுக்கே வந்து சண்டை போட்டான். "வாயக் கட்டிட்டு வேலை செய்யச் சொன்னா மூச்ச எதுல விடறது?"

"மூணு மாசம் பொறுத்துக்கடா. முத்திரை வந்துட்டா என்ன வேணா திட்டிக்கோ. என்னக்கூடத் திட்டு."

"உன்னத் திட்டறதுக்கு எதுக்குக் காத்திருக்கணும்? ஸ்டூலப் பாத்தா கும்புடற ஆளு நீ."

"அதுக்குத்தாண்டா கேக்கறேன்" என்றார் தரையண்ணன். அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மைக்செட் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அவன் பேசாமல் போனதை வாசல் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்த தரையண்ணனின் மனைவி, அவனுக்கு ஏதோ வியாதி என்றே நினைத்தாள்.

பழகிவிட்டது. மனிதனுக்கு எதுதான் பழகாது? காலையில் அத்தனை பேரும் கல்யாண வரவேற்பில் நிற்பதுபோலப் பல்லைக் காட்டி, நன்றி சகோதரா, நன்றி சகோதரா என்று முணுமுணுத்தார்கள். கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார்கள். செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். ஒருத்தன் நின்றபடியே தூங்கிக்கொண்டு சொன்னதாகவும் கேள்வி. கொக்கியை ஆட்டும் கை வரவர லேசாகி, கடைசியில் தட்டிக்கொடுப்பதோடு நின்றது. புகார் ஒன்றுகூட இல்லை. மேடம் தொலைபேசியில் தேன் வழியப் பாராட்டினார்.

மதிப்பீட்டு நாள் வந்தது. அன்று கழுவ எடுத்திருந்தது ஊரிலேயே கோணலான கட்டடம். நடு உடம்பில், பதினேழாம் மாடியில், தடித்த பெல்ட் போட்டதுபோல ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். ஆள் விழாமலிருக்கப் பெல்ட்டின் கொக்கியை மாட்டும் உயிர்க்கயிறு அது வரைக்கும் ஒன்று, அதற்குக் கீழே வேறொன்று; பெல்ட்டில் கொக்கியும் இரண்டு. தொட்டில் விளிம்புக்கு வந்ததும் இரண்டாவது கொக்கியைக் கீழ்க்கயிற்றில் மாட்ட வேண்டும், பிறகுதான் முதல் கொக்கியை மேல்கயிற்றிலிருந்து எடுக்க வேண்டும். வரிசை மாறினால் அந்த ஆளைப் பிடித்திருப்பது காற்று மட்டும்தான். முன்பெல்லாம் இந்த இடத்தில் சுண்டைக்காய் மைக்செட்டின் கையைப் பிடித்துக்கொண்டு வசவாகப் பொழிவான். இப்போது நம்பிக்கை.

தரையண்ணன் தெருவோரத்தில் குடையின் கீழ் நின்றிருந்தார். பக்கத்தில் மடக்கு நாற்காலியில் பயிற்சி மேடம், மடியில் டேப்லெட். காலைச் சடங்கைப் பார்த்து ஏற்கெனவே முழு மதிப்பெண் போட்டாயிற்று. அண்ணாந்து பார்த்தால் மயக்கம் வரும் என்பதால் தரையண்ணன் மேடத்தின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் செல்போன் அடித்தது. தங்கை.

"அண்ணா, இவரு பஸ்ஸுலதானே வந்தாரு? வண்டி எடுக்கலியே?"

"ஏன்?"

"நேத்துலேர்ந்து காதுவலிண்ணா. எழுந்தா சுத்துதுன்னாரு. டாக்டரு குடுத்த மாத்திர தூக்கம் வரும், வண்டி ஓட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. இன்னிக்கு மேல ஏற மாட்டேன், கீழதான் வேலைன்னு சொல்லிட்டு வந்தாரு. காலைல உங்ககிட்ட சொல்லியிருப்பாரே?"

தரையண்ணனுக்குக் காலையில் மைக்செட் தூக்கிய அட்டை நினைவுக்கு வந்தது. பச்சை. முத்திரை நாள் அன்று சிவப்பைத் தூக்கி மச்சான் வயிற்றில் அடிக்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறான் கிறுக்கன்.

"அண்ணா? இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. கீழதான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு வைத்தார். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, அண்ணாந்து பார்த்தார். தொட்டில் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. விளிம்பை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

தொட்டிலை இறக்கும் பொத்தான் தொட்டிலிலேயே இருக்கும்; மேலிருந்து நிறுத்தக்கூடியவர் மொட்டை மாடியில் மோட்டாரைப் பார்த்துக்கொள்பவர்தான். அவரை வாக்கி-டாக்கியில் கூப்பிட்டார். கர்ர் என்றது. அவர் பங்கேற்பு என்ற விழுமியத்துக்காகத் தினமும் கூடிப் பேசும் வட்டத்தில் இருந்தார். வட்டத்தில் இருக்கும்போது பிறர் பேச்சைக் கவனமாகக் கேட்பதற்காக வாக்கியை அணைத்துவிட வேண்டும் என்பது தரையண்ணனே போட்ட உத்தரவு. தொட்டிலில் இருந்த ஒரே வாக்கி மைக்செட்டின் மார்பில். பொத்தானை அமுக்கினார். மேடம் நிமிர்ந்து பார்த்தார். டேப்லெட் மேல் விரல் தயாராக இருந்தது.

"சகோதரா, எப்படி இருக்கிறீர்கள்?"

"நலமாக இருக்கிறேன், நன்றி சகோதரா" என்றது மைக்செட்டின் குரல்.

நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. இறங்கிய கல் பாதியில் நின்றது. என்ன குரல் அது? ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் குரலுக்கு இதைவிட உயிர் அதிகம். இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஆள் தெளிவாக இருக்கிறானா, தூக்கத்தில் இருக்கிறானா, எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று மாதமாகக் கிளையே தூக்கத்தில் சொன்ன வார்த்தை அல்லவா!

ஒரே ஒரு திட்டு திட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். திட்டினால் முத்திரை போய்விடும். முத்திரை போனால் அந்தத் தீப்பெட்டிக்குள் நாளை நிற்கப்போவது இவர். சொல்லவே வெட்கமான விஷயம், மறுபடியும் மரியாதையாகவே கேட்டார்.

"நிஜமாகவே நலமா சகோதரா?"

"நலமாக இருக்கிறேன், நன்றி சகோதரா."

தொட்டில் விளிம்பில் நின்றது.

தரையண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "டேய் மைக்செட்டு!" என்று கத்தினார். தெருவில் போன பஸ்ஸே வேகத்தைக் குறைத்தது. "வாயப் பாருடா வாய, குப்பத் தொட்டிக்கு மூடி போட மறந்த மாதிரி! உனக்குப் பிரசவம் பாத்த டாக்டரு கொழந்தையத் தூக்கிப் போட்டுட்டு சத்தத்த மட்டும் எடுத்துக் குடுத்துட்டாரு! என் தங்கச்சி காதுல பஞ்சு வச்சுத்தாண்டா குடும்பம் நடத்துறா! பேசுடா, தகர டப்பா!"

மேடத்தின் விரல் காற்றில் நின்றுவிட்டது. வாக்கி கர்ர் என்றது. தரையண்ணன் அந்தக் கர்ருக்குள் காதைத் திணித்துக் காத்திருந்தார். கடன் கொடுத்தவன்கூடப் பணத்துக்கு இவ்வளவு ஆசையாகக் காத்திருந்ததில்லை; இவர் ஒரு வசவுக்குக் காத்திருந்தார்.

"நன்றி சகோதரா" என்றது வாக்கி.

தரையண்ணன் ஓடினார்.

லிஃப்டில் ஏறிய கதை தனி. அது கண்ணாடி லிஃப்ட். மூலையில் உட்கார்ந்து, முழங்காலுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "நிறுத்தாத, நிறுத்தாத" என்று லிஃப்டிடம் கெஞ்சிக்கொண்டே போனார். கூட ஏறிய ஒரு பெண் அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டாள். பதினேழாம் மாடியில் கதவு திறந்தபோது எதிரில் ஒரு பெரிய அலுவலகம். வரிசை வரிசையாகக் கணினிகள். அதற்கப்பால் சுவரே இல்லை. தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் உலகத்தின் மொத்த ஆழமும்.

கால் வரவில்லை. சரி, காலை நம்பி என்ன பயன் என்று கையையும் ஊன்றினார். நான்கு காலில் கணினி மேசைகளுக்கு நடுவே தவழ்ந்து போனார். "சார், யாரைப் பாக்கணும்?" என்று யாரோ பணிவாகக் கேட்டார்கள். பதில் சொல்லப் பல் இடம் கொடுக்கவில்லை. அது வேறு வேலையாகத் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு வந்து சேர்ந்தார். ஒரு சாண் தூரத்தில் மைக்செட். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. கண் திறந்திருந்தும் எதையும் பார்க்கவில்லை. இரண்டாவது கொக்கி இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கை, மேல்கயிற்றில் மாட்டியிருந்த முதல் கொக்கியின் தாழ்ப்பாளைத் திருகிக்கொண்டிருந்தது. மெதுவாக, பொறுப்பாக, பாத்திரம் கழுவுவதுபோல.

தரையண்ணன் கண்ணாடியைக் குத்தினார். கத்தினார். இரட்டைக் கண்ணாடி, கத்தல் அலுவலகத்துக்குள்ளேயே சுற்றி வந்து இவர் காதிலேயே விழுந்தது. தொட்டிலின் மறுகோடியில் சுண்டைக்காய் முதுகைக் காட்டிக்கொண்டு நம்பிக்கையோடு நின்றிருந்தான்.

மறுகோடிக்குப் போக வேண்டும். கண்ணாடியை ஒட்டியே போக வேண்டும். கீழே பார்க்காமல் போகலாம் என்று நினைத்தார். கண் இவர் பேச்சைக் கேட்கவில்லை. தெரு ஒரு நூல். பஸ் ஒரு பாசிமணி. தான் நின்ற குடை ஒரு கடுகு. சுவரில் பல்லி போவதுபோல உள்ளங்கைகளைக் கண்ணாடியில் ஒட்டி ஒட்டி எடுத்து நகர்ந்தார். அந்த அலுவலகத்துக் கண்ணாடியில் அவர் கைத்தடம் இன்னும் போகவில்லை என்று சொல்பவர்கள் உண்டு; சொல்பவர்கள் வெளிப்பக்கத்தைக் கழுவும் நம் பையன்கள்தான், அதனால் நம்பலாம்.

இரண்டு கையாலும் குத்தினார். சுண்டைக்காய் திரும்பினான். ஸ்டூலில் ஏறாத மேற்பார்வையாளர் பதினேழாம் மாடிக் கண்ணாடியில் மூக்கு நசுங்கி நிற்பதைப் பார்த்தான். வாயைப் பிளந்தான்; பிறகு சிரிக்க ஆரம்பித்தான். "சிரிக்காதடா பாவி!" தரையண்ணன் மைக்செட்டைக் காட்டினார். கொக்கியைக் காட்டினார். தன் கழுத்தை வெட்டிக் காட்டினார்.

சுண்டைக்காய் திரும்பிப் பார்த்தான். தாழ்ப்பாள் திறந்து, கொக்கி கயிற்றை விட்டுப் பாதி வெளியே வந்திருந்தது. அவன் பாய்ந்த பாய்ச்சலில் தொட்டில் ஒரு ஆட்டம் ஆடியது. கொக்கியையும் கையையும் சேர்த்துப் பிடித்து, கயிற்றில் திரும்ப மாட்டி, மைக்செட்டைத் தள்ளி உட்காரவைத்து, அவன் மடியில் ஏறித் தானும் உட்கார்ந்துகொண்டான். அந்தச் சின்ன உடம்பு அன்று இரும்புப் பெட்டி கனம் கனத்திருக்க வேண்டும். வாய் அசைவதைப் பார்த்தாலே தெரிந்தது, திட்டிக்கொண்டிருந்தான். மூன்று மாதத்துக்குச் சேர்த்துவைத்த திட்டு.

தரையண்ணனை அங்கிருந்து அலுவலகத்தார் சக்கர நாற்காலியில்தான் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கண்ணைக் கட்டிவிடச் சொல்லிக் கேட்டாராம். யாரோ துப்பட்டா கொடுத்தார்களாம்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் பயிற்சி மேடம் வந்து தரையண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே தங்கை தன் புருஷனைப் பிடித்து வாங்கிக்கொண்டிருந்த சத்தம் வெளியே கேட்டது. மாத்திரை தெளிந்திருந்தும் அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.

"நடந்தது எல்லாத்தையும் எழுதத்தான் வேணும் சார்" என்றார் மேடம். குரலில் தேன் இல்லை.

"மேடம், அந்தத் திட்டு ஒண்ண மட்டும் விட்டுருங்களேன். மத்ததெல்லாம் எழுதிக்குங்க." கையைக் கூப்பிவிட்டார் தரையண்ணன். "என்ன மேல அனுப்பிடுவாங்க. உங்களுக்குத் தெரியாது மேடம். எனக்குக் கனவுலயே மாடிப்படி வந்தா முழிச்சிக்குவேன்."

"அந்தத் திட்ட விட்டுட்டா, அவரு பிழைச்சத எப்படி எழுதறது?" என்றார் மேடம். "தடையை எடுக்கணும்னு எழுதணும்னா திட்டினதையும் எழுதணும். அன்புன்னு நான் கோடு போட்ட இடம் தப்பு சார். சரியான இடம் எதுன்னு எனக்குத் தெரியல. திட்டுன்னு ஒரு வார்த்தைகூட அந்தத் தாள்ல இல்ல."

எழுதினார். தலைமை அலுவலகம் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. திட்டலாம் என்று அனுமதி வந்தது. கிளையை இணைத்து, தரை மேற்பார்வையாளர் பதவியை நீக்கிய உத்தரவும் அதே நாளில் வந்தது.

தரையண்ணன் சும்மா விடுவாரா? ஒரு திட்டம் வைத்திருந்தார். பதில் சரியாக வராதவனை ஏற்ற மாட்டார்கள் அல்லவா? தினமும் பதில் சொல்லாமல் விழித்தால் போதுமே, ஓய்வு பெறும் வரைக்கும் குழாய் சுருட்டலாம். கண்ணாடி முன் நின்று அசட்டு விழி விழித்துப் பயிற்சி எடுத்தார். "இதுக்குப் பயிற்சி வேற வேணுமா?" என்றாள் மனைவி.

மொட்டை மாடியில் காலை வெயில். குணமாகி வந்த மைக்செட் எதிரில் நின்று அவர் பெல்ட்டை இழுத்தான். பழைய இழுப்பு, விலா எலும்பு ஒன்றோடொன்று கைகுலுக்கியது. கைப்பிடிச் சுவருக்கு அப்பால் தொட்டில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. தரையண்ணன் அந்தப் பக்கம் பார்க்காமல், ஒத்திகை பார்த்த விழியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"என்ன மச்சான், நடுங்கற நடுக்கத்துல கண்ணாடி தானா சுத்தமாயிடும் போலிருக்கு" என்றான் மைக்செட். "தண்ணிச் செலவு மிச்சம்."

தரையண்ணன் விழித்தார். சுற்றி நின்றவர்கள் முகத்தில் சிரிப்பு மங்கியது. சுண்டைக்காய் குழாய்ச் சுருளைப் பார்த்தான். இன்னும் ஒரு நொடி, ஒரே நொடி தாக்குப்பிடித்தால் தரைதான்.

"பேச மாட்டியா? சரி, அன்னிக்கு என்னக் காப்பாத்தினதே தப்புன்னு உன் தங்கச்சி அழுறா" என்றான் மைக்செட்.

"அவ அழுறது உன்னக் காப்பாத்தினதுக்கு இல்லடா, உன் வாயையும் சேத்துக் காப்பாத்திட்டேன்னு" என்று பட்டென்று வந்துவிட்டது.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது தரையண்ணனுக்கே கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். மொட்டை மாடி சிரிப்பில் குலுங்கியது. "வாய் நல்லா இருக்கு. ஏறு" என்றான் மைக்செட்.

"டேய், இல்லடா, அது தெரியாம வந்துடுச்சுடா..."

ஆளுக்கொரு கையாகப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். மோட்டார் முனகியது. தொட்டில் சுவரைத் தாண்டி வெளியே போயிற்று. காலுக்குக் கீழே திடமாக இருந்த எல்லாம் ஒரே மூச்சில் விலகியது. தரையண்ணன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். இந்த உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் வாய்க்குள் திட்டிக்கொண்டே, கண்ணைத் திறக்காமல் கையை நீட்டி, பக்கத்தில் நின்ற மச்சானின் கொக்கியைத் தடவிப் பார்த்தார். மாட்டியிருந்தது. ஆட்டிப் பார்த்தார். மறுபடியும் தடவினார்.